மீட்டிங்கில் பேசிய வேலை தானாகவே பட்டியலில் ஏற வேண்டுமா?

வீடியோ மீட்டிங் என்பது இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரிலும் சாதாரணமாகிவிட்டது. 2020ல் ஊரடங்கு வந்தபோது பழகிய பலர் இன்னும் அதை விடவில்லை. எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தின் நிர்வாகக் குழுவும் அப்படித்தான். மாதம் ஒரு முறை ஜூம் வழியே கூடுகிறோம். ஒன்பது பேர், நான் செயலாளர்.

கூட்டம் நன்றாகவே நடக்கும். பிரச்னை அதற்குப் பிறகுதான். சென்ற ஆண்டு ஆகஸ்ட் கூட்டத்தில், மழைக்கு முன்னால் மொட்டை மாடி வெடிப்புகளை அடைப்பது என்று முடிவு செய்தோம். எல்லாரும் தலையாட்டினோம். அக்டோபரில் மழை கொட்டியது. மேல் மாடியில் இரண்டு வீடுகளின் கூரையில் நீர் கசிந்தது. யார் செய்வதாக இருந்தது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வேலைகளைக் குறித்து வைக்க எங்களிடம் ட்ரெல்லோ இருந்தது. இது இணையத்தில் இயங்கும் ஓர் அறிவிப்புப் பலகை. ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை. செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று வரிசைகளில் அட்டையை மவுஸால் இழுத்து வைக்கலாம். ஆனால் மீட்டிங் ஓரிடம், பலகை ஓரிடம். இரண்டுக்கும் நடுவில் என் ஞாபக சக்தி மட்டுமே இருந்தது. அதை நம்ப முடியாது என்பது மழையில் தெரிந்துவிட்டது.

இப்படி இரண்டு தனித்தனி புரோகிராம்களை இணைப்பதற்கென்றே சில சேவைகள் உள்ளன. 2011ல் தொடங்கிய ஜேப்பியர் அவற்றில் ஒன்று. மைக்ரோசாப்ட் 2016ல் ப்ளோ என்ற பெயரில் தந்து, 2019ல் பவர் ஆட்டோமேட் என்று பெயர் மாற்றியது இன்னொன்று. அடிப்படை எளிது. "இது நடந்தால், அதைச் செய்" என்று ஒரு விதி எழுதி வைக்கிறீர்கள். நடப்பதற்கு ட்ரிக்கர் என்று பெயர்; செய்வதற்கு ஆக்ஷன் என்று பெயர். இரண்டும் சேர்ந்த விதியை ஜேப்பியரில் ஜேப் என்கிறார்கள். எக்ஸெலில் மேக்ரோ பார்த்தவர்களுக்கு இது அதன் தூரத்து உறவு. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

நான் ஆர்வக்கோளாறில் முதலில் செய்ததைச் சொல்கிறேன். அதை நீங்கள் செய்ய வேண்டாம்.

ஜூம் மீட்டிங்கில் சாட் பகுதியில் எழுதுவதை ஒரு டெக்ஸ்ட் பைலாக சேமிக்கலாம். டாகுமெண்ட்ஸ் போல்டருக்குள் ஜூம் என்ற போல்டர் உருவாகி, அதற்குள் ஒவ்வொரு மீட்டிங்கிற்கும் தேதியோடு ஒரு போல்டர் இருக்கும். இலவச அக்கவுண்ட்டில் 40 நிமிடத்தில் மீட்டிங் துண்டிக்கப்பட்டு மீண்டும் கூடுவதால், எங்களுக்கு எப்போதும் இரண்டு போல்டர்கள்! இந்தப் பைலை நான் கூகுள் டிரைவில் ஒரு போல்டரில் போடுவேன். "இந்தப் போல்டரில் புதிய பைல் வந்தால், ட்ரெல்லோவில் அட்டை உருவாக்கி, பைலை அதில் இணைத்துவிடு" என்று ஜேப் அமைத்தேன். கால் மணி நேரத்தில் அட்டை தானாகவே வந்து நின்றது. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

இரண்டாவது மாதம் குழுவில் ஒருவர் போன் செய்தார். "சார், அந்தப் பைலை முழுசா படிச்சீங்களா?" என்றார். திறந்து பார்த்தேன். கூட்டத்தின் நடுவே குழு உறுப்பினரான ஒரு பெண்மணி எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது, மெயின்டனன்ஸ் பணத்துக்கு இரண்டு மாதம் அவகாசம் வேண்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று. ஜூமில் சாட்டை சேமிக்கும்போது, சேமிப்பவருக்குத் தனியாக வந்த செய்திகளும் அதே பைலில் சேர்ந்துவிடும். எனக்கு அது தெரியாது. ஜேப்புக்கு எது பொது, எது தனி என்று தெரியவே தெரியாது. மொத்தத்தையும் கொண்டுபோய் ஒன்பது பேர் பார்க்கும் பலகையில் மாட்டிவிட்டது.

அட்டையை உடனே அழித்தேன். மாலையில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

அன்றே அந்த ஜேப்பை நிறுத்திவிட்டு, வேறு வழியில் அமைத்தேன். பேசியது எல்லாவற்றையும் அனுப்பாமல், முடிவானதை மட்டும் அனுப்பும் வழி. இதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் கூகுள் பார்ம்ஸ் தளத்தில் ஒரு சிறிய படிவம் தயாரிக்கவும். மூன்றே கேள்விகள் போதும்: என்ன வேலை, யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள். "யார்" என்பதற்குப் பெயர்களைக் கீழ்விரி பட்டியலாகக் கொடுங்கள். "குழு" என்று ஒரு பெயரை அதில் சேர்க்காதீர்கள். எங்கள் மாடி வேலையைச் செய்யாமல் விட்டது அந்தக் "குழு"தான். தேதிக்குரிய கேள்வியின் வகையாக டேட் என்பதையே தேர்ந்தெடுக்கவும். நான் முதலில் சாதாரண எழுத்துக் கட்டமாக வைத்தேன். ஒருவர் 05/06 என்று எழுத, அது ஜூன் 5 ஆகாமல் அமெரிக்க முறைப்படி மே 6 ஆகிவிட்டது. மூன்று கேள்விகளையும் கட்டாயம் நிரப்ப வேண்டியவையாக அமைத்திடவும். ஒரு முறை நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். பின்னால் சோதனைக்கு உதவும்.

அடுத்து ஜேப்பியர் தளத்தில் அக்கவுண்ட் திறந்து, புதிய ஜேப் உருவாக்கும் பட்டனில் கிளிக் செய்திடவும். ட்ரிக்கராகக் கூகுள் பார்ம்ஸ், அதில் புதிய விடை வருவது என்பதைத் தேர்ந்தெடுக்கவும். உங்கள் கூகுள் அக்கவுண்ட்டில் நுழைய அனுமதி கேட்கும். இங்கு உங்கள் பாஸ்வேர்டை ஜேப்பியருக்குத் தருவதில்லை. கூகுளின் சொந்த விண்டோவில்தான் நுழைகிறீர்கள். எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறது என்ற பட்டியலை அவசரப்படாமல் படித்துவிட்டு சம்மதம் கொடுங்கள்.

பிறகு ஆக்ஷனாக ட்ரெல்லோ, அதில் அட்டை உருவாக்குவது. எந்தப் பலகை, எந்த வரிசை என்று கேட்கும். அட்டையின் தலைப்புக்கான கட்டத்தில் கிளிக் செய்தால், படிவத்தின் கேள்விகள் பட்டியலாக வரும். முதலில் பெயரையும், ஒரு கோடு போட்டு வேலையையும் தேர்ந்தெடுத்தால், "முருகன் - சம்ப் சுத்தம்" என்பது போலத் தலைப்பு அமையும். கெடு நாளுக்கான கட்டத்தில் தேதிக் கேள்வியைக் கொடுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் பலகையில் நிஜமாகவே ஓர் அட்டை உருவாகும். பயப்பட வேண்டாம், பிறகு அழித்துவிடலாம். தேதி ஒரு நாள் முன்பின்னாக வந்தால், ஜேப்பியர் செட்டிங்ஸில் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா எனப் பார்க்கவும். எல்லாம் சரியென்றால் பப்ளிஷ் செய்திடவும். அதற்குப் பின் வரும் விடைகள் மட்டுமே அட்டையாகும்; பழையவை வராது.

இலவசத் திட்டத்தில் ஜேப் ஒன்றுக்கு ஒரு ட்ரிக்கர், ஒரு ஆக்ஷன்தான். மாதம் 100 செயல்கள் வரை அனுமதி. எங்கள் கூட்டத்தில் ஆறேழு வேலைகளுக்கு மேல் வராது என்பதால் இதுவே அதிகம். அட்டை வரவில்லை என்றால் ஜேப்பின் ஹிஸ்டரி பகுதியில் என்ன தவறு என்று காட்டும்.

ஒன்றை மட்டும் இன்னும் கையால்தான் செய்கிறேன். அட்டையில் அந்த நபரை உறுப்பினராகச் சேர்ப்பது. அப்போதுதான் ட்ரெல்லோ அவருக்கு நினைவூட்டல் அனுப்பும். தலைப்பில் பெயர் இருந்தால் மட்டும் போகாது. இதையும் தானாக்க வழி இருக்கிறது. நான் வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறேன். சேர்க்கும் முன், "உங்க பேரைப் போடட்டுமா?" என்று கூட்டத்திலேயே கேட்டுவிடுகிறேன். திரையைப் பகிர்ந்து, எல்லார் முன்னிலையிலும் படிவத்தை நிரப்புகிறேன். ஒரு வேலைக்கு அரை நிமிடம் ஆகிறது.

மீட்டிங்கைக் கேட்டுத் தானே குறிப்பெடுக்கும் செயற்கை நுண்ணறிவு வசதி இருக்கும்போது ஏன் இந்தப் பாடு என்று ஒரு நண்பர் கேட்டார். பெரும்பாலும் கட்டணத் திட்டங்களில் அது கிடைக்கிறது. ஆனால் எங்கள் கூட்டத்தில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம், நடுவில் குக்கர் விசில். "பார்க்கலாம் சார்" என்று ஒருவர் சொன்னால் அது சம்மதமா, மறுப்பா என்று எங்களுக்கே தெரிவதில்லை.

இப்படிப்பட்ட சேவையை நிறுத்த நினைத்தால் ஜேப்பை அணைத்தால் மட்டும் போதாது. உங்கள் கூகுள் அக்கவுண்ட்டின் செட்டிங்ஸ் சென்று, பிற நிறுவனங்களுக்குத் தந்த அனுமதிகள் உள்ள பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி நீக்கவும். ட்ரெல்லோவிலும் அதே போல் நீக்கவும். நான் பார்த்தபோது, மூன்று வருடம் முன்பு ஒரே ஒரு நாள் பயன்படுத்திய ஒரு சேவைக்குக்கூட என் டிரைவைப் படிக்கும் அனுமதி அப்படியே இருந்தது.

இந்த ஆண்டு மாடி வேலைக்கான அட்டை என் பெயரில் இருக்கிறது. கெடு செப்டம்பர் 15. கொத்தனாரிடம் பேசி, முன்பணம் கொடுத்துவிட்டேன். சென்ற மாதக் கூட்டத்தில் அந்தப் பெண்மணி மீண்டும் வந்தார். சாட்டில் எதுவும் எழுதவில்லை; கூட்டம் முடிந்ததும் எனக்குப் போன் செய்து பேசினார்.