புதிய டிரைவும் பழைய கேள்வியும்

2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கணினிக்குள் ஒரு சிடி ரைட்டரைப் பொருத்துவது பாதி நாள் வேலை. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். ஐந்தேகால் அங்குல அறைக்குள் டிரைவை நுழைத்துத் திருகுகளை முடுக்க வேண்டும். 40 முனை ரிப்பன் கேபிளைத் திசை மாறாமல் செருக வேண்டும். டிரைவின் முதுகில் மூன்று ஜோடி ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒரு ஜோடியின்மேல் சிறிய பிளாஸ்டிக் ஜம்பரை மாட்டி, இது மாஸ்டரா ஸ்லேவா என்று தீர்மானித்துவிட வேண்டும். இன்று அதே வேலைக்கு ஒரு மெல்லிய பெட்டியும் ஒரு யுஎஸ்பி வயரும் போதும். செருகிய சில விநாடிகளில் திரையில் புதிய டிரைவ் தோன்றிவிடுகிறது.

இவ்வளவு மாறிய பின்பும் ஒன்று மட்டும் மாறவில்லை. எல்லாவற்றையும் பொருத்தி முடித்து, வட்டில் எழுதும் மென்பொருளைத் திறந்தால், அப்படி ஒரு டிரைவே இல்லை என்று அது சொல்லிவிடுகிறது. அன்றும் சொன்னது, இன்றும் சொல்கிறது. சொல்வதற்கான காரணங்கள் வேறாகிவிட்டன.

அன்றைய முதல் காரணம் மொழி. எழுதக்கூடிய சிடிக்கான விதிகளை ஃபிலிப்ஸும் சோனியும் 1988-இல் ஆரஞ்சு நூல் என்ற பெயரில் வகுத்தன. வட்டு எப்படி இருக்க வேண்டும் என்று அந்த நூல் சொன்னது. ஆனால் கணினி எந்தக் கட்டளையைக் கொடுத்தால் டிரைவ் எழுதத் தொடங்கும் என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இருந்தது. ஆகவே எழுதும் மென்பொருள் ஒவ்வொரு டிரைவையும் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டியிருந்தது. அதனிடம் ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலில் உள்ள மாடலுடன் மட்டுமே அது பேசும். கடையிலிருந்து அன்று வாங்கி வந்த டிரைவ் பட்டியலைவிடப் புதியது என்றால், மென்பொருளின் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருப்பதே வழி. எம்எம்சி என்ற பொதுக் கட்டளைத் தொகுப்பு 1990-களின் பிற்பகுதியில் நிலைபெற்றது. டிரைவுகள் ஒவ்வொன்றாக அந்தப் பொது மொழிக்கு மாறின. இன்று விற்கப்படும் எந்த டிரைவும், அது உருவாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட மென்பொருளோடு பேசுகிறது. 2013-இல் வெளியான 2.5.8 பதிப்போடு நின்றுபோன இம்க்பர்ன் என்ற எழுதும் மென்பொருள், இன்றைய ப்ளூ-ரே டிரைவையும் அடையாளம் காண்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம் உரிமம். அந்நாளில் டிரைவ் வாங்கினால் பெட்டிக்குள் எழுதும் மென்பொருளும் ஒரு சிடியில் சேர்ந்தே வரும். நீரோவை நம்மில் பலர் அப்படித்தான் அறிந்தோம். அந்த இலவசப் பதிப்பு, அதை வழங்கிய நிறுவனத்தின் டிரைவுக்கு மட்டும் கட்டுப்பட்டது. பழைய டிரைவ் பழுதாகி வேறு நிறுவனத்தின் டிரைவை மாட்டினால், வன்பொருள் முழு நலத்தோடு இருந்தும் மென்பொருள் அதை ஏற்காது. டிரைவைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தில் ‘இமேஜ் ரெக்கார்டர்’ என்ற ஒற்றைப் பெயர் மட்டும் நிற்கும். அது டிரைவே அல்ல. வட்டின் பிம்பத்தை ஹார்ட் டிஸ்க்கில் கோப்பாகச் சேமிக்கும் வசதி. கேபிளைக் கழற்றி மாட்டியும், ஜம்பரை இடம் மாற்றியும் பலர் பொழுதைக் கழித்தார்கள். பிழை கேபிளில் இல்லை, உரிமத்தில் இருந்தது. இன்று இத்தகைய பூட்டு பெரும்பாலும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் சிடி எழுதும் வசதியைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. விஸ்டா டிவிடியையும் சேர்த்துக்கொண்டது. எளிய வேலைக்கு இன்று தனி மென்பொருளே தேவையில்லை.

மூன்றாவது காரணம், இடையில் நின்ற தூதர்கள். மென்பொருள் டிரைவோடு நேரடியாகப் பேசுவதில்லை. அடாப்டெக் நிறுவனம் உருவாக்கிய ஆஸ்பி என்ற அடுக்கின் வழியாகத்தான் அன்று பேசியது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் இந்த அடுக்கு கூடவே வந்தது. என்டி, 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய ஆஸ்பியைத் தானே நிறுவியது. சிலவேளை புதியதன்மேல் பழையதை எழுதிவிட்டது. ஆஸ்பியின் நான்கு கோப்புகளும் ஒரே பதிப்பெண்ணில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வதற்கென்றே அடாப்டெக் ஒரு சிறு கருவியை வழங்கியது. நான்கில் ஒன்று பிசகினாலும் டிரைவ் மறைந்துவிடும். பின்னர் விண்டோஸின் சொந்த வழியான எஸ்பிடிஐ வந்தபோது வேறொரு சிக்கல் பிறந்தது. அதைப் பயன்படுத்த நிர்வாகி உரிமை வேண்டும். அலுவலகக் கணினியில் சாதாரணக் கணக்கில் நுழைந்தவருக்கு டிரைவ் தெரியாது. நிர்வாகி நுழைந்தால் தெரியும். அதற்காக நீரோ, பர்ன்ரைட்ஸ் என்ற துணைக்கருவியைத் தனியாகவே வெளியிட்டது.

ஒரே கணினியில் இரண்டு எழுதும் மென்பொருள்களை நிறுவியவர்களுக்கு நான்காவது சிக்கலும் அறிமுகமாகியிருக்கும். ஒவ்வொன்றும் டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே தன் வடிகட்டியை வைத்தது. ஒன்றை நீக்கும்போது அதன் வடிகட்டி முழுதாக நீங்காமல் போனால், ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரு பதிவுகள் இல்லாத கோப்பைச் சுட்டிக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயர்மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி விழும். கீழே பிழை எண் 39 என்றிருக்கும். அந்த இரு பதிவுகளையும் அழித்துக் கணினியை மறுபடி இயக்கினால் டிரைவ் திரும்பிவிடும். ஐடியூன்ஸ் போல அந்த வடிகட்டியை நம்பியிருந்தவற்றை மட்டும் மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும். இந்த ஒரு மருந்து மட்டும் காலத்தைக் கடந்து வந்திருக்கிறது. விண்டோஸ் 10-லும் 11-லும் அதே இரு பதிவுகள் அதே இடத்தில் இருக்கின்றன. அதே வைத்தியம் பலிக்கிறது.

லினக்ஸ் பக்கமும் இதே கதை வேறு உருவில் நடந்தது. யோர்க் ஷில்லிங் 1990-களின் நடுவில் எழுதத் தொடங்கிய சிடிரெக்கார்ட், ஸ்கஸி டிரைவுகளோடு மட்டுமே பேசியது. வீட்டுக் கணினியில் இருந்ததோ ஐடிஇ டிரைவ். 2.4 கெர்னலின் காலத்தில், கணினி தொடங்கும்போதே ‘இந்த ஐடிஇ டிரைவை ஸ்கஸி என்று பாவித்துக்கொள்’ என்று கெர்னலுக்கு ஒரு வரி எழுதிவைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு டிரைவுக்கு 0,0,0 போன்ற மூன்று எண்களாலான முகவரி கிடைக்கும். 2.6 கெர்னல் வந்தபின் அந்த வேடம் தேவைப்படவில்லை. இன்று சாட்டாவோ யுஎஸ்பியோ எதுவானாலும் டிரைவ் எஸ்ஆர்-0 என்ற பெயரில் தானே வந்து நிற்கிறது.

ஆக, இன்றைய காரணங்கள் எவை? முதலாவது மின்சாரம். கேபினெட்டுக்குள் இருந்த டிரைவுக்குத் தனி மின்வயர் உண்டு. வெளியே இருக்கும் மெல்லிய டிரைவ், தரவையும் மின்சாரத்தையும் ஒரே துளையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. மோட்டார் சுழன்று வேகமெடுக்கும் கணத்திலும், லேசர் எழுதத் தொடங்கும் கணத்திலும் தேவை ஏறும். பல கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஹப்பில் செருகியிருந்தால் அந்தக் கணத்தில் மின்சாரம் போதாமல் டிரைவ் துண்டிக்கப்பட்டு, மீண்டும் இணைந்து, மீண்டும் துண்டிக்கப்படும். விண்டோஸ் அதைக் காட்டியும் மறைத்தும் விளையாட, எழுதும் மென்பொருள் தான் திறந்த கணத்தில் இல்லாததை இல்லை என்றே சொல்கிறது. சில ப்ளூ-ரே டிரைவுகள் இரட்டைத் தலை வயருடன் வருவது இதற்காகத்தான். கணினியின் துளையில் நேரடியாகச் செருகுவதே முதல் சிகிச்சை.

இரண்டாவது, வயர். யுஎஸ்பி-சி வயர்கள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுள் சில மின்சாரத்தை மட்டுமே கடத்தும். டிரைவின் விளக்கு எரியும், தட்டு திறக்கும், கணினிக்கோ எதுவும் தெரியாது. மூன்றாவது, காவல். இன்றைய இயங்குதளங்கள் செயலிகளைத் தனித்தனி அறைகளில் அடைத்து இயக்குகின்றன. உபுண்டுவில் ஸ்னாப் வடிவில் நிறுவிய எழுதும் மென்பொருளுக்கு, டிரைவில் எழுதும் அனுமதியைப் பயனரே தனியாகத் தர வேண்டியிருக்கலாம். ஆர்ச் லினக்ஸில், வட்டைப் படித்துப் பிரதியெடுக்கும் மேக்எம்கேவி என்ற மென்பொருளுக்கு டிரைவ் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் எஸ்ஜி என்ற கெர்னல் பகுதி ஏற்றப்படவில்லை என்று பொருள். அன்று தூதர்கள் கூட்டமாக இடித்துக்கொண்டதால் டிரைவ் மறைந்தது. இன்று காவலர் கதவைச் சாத்தியிருப்பதால் மறைகிறது.

கணக்கிட்டுப் பார்த்தால் பெற்றவை அதிகம். ஒற்றை வேகத்தில் விநாடிக்கு 150 கிலோபைட். 74 நிமிட சிடியை எழுத 74 நிமிடம் ஆனது. நடுவில் தரவு ஒரு கணம் தடைபட்டாலும் வட்டு வீண். 2000-இல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-ப்ரூஃப் போன்ற நுட்பங்கள் அந்த அச்சத்தைத் தீர்த்தன. 700 மெகாபைட் சிடிக்குப் பின் 4.7 கிகாபைட் டிவிடியும், 25 கிகாபைட் ப்ளூ-ரேயும் வந்தன. எந்த டிரைவும் எந்த மென்பொருளோடும் பேசும் பொதுமொழி வந்தது. இவை சிறிய வெற்றிகள் அல்ல.

இழந்தது, அந்தக் கருவியைச் சுற்றியிருந்த மனிதர்களின் அறிவை. நம் ஊர்களில் பிரவுசிங் சென்டர்களின் பலகையில் ‘சிடி ரைட்டிங்’ என்றொரு வரி தவறாமல் இருந்தது. கல்யாண வீடியோவை வட்டில் போட்டுக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், எந்த டிரைவ் எந்த நிறுவனத்தின் வட்டை எந்த வேகத்தில் ஏற்கும் என்று கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார். சென்னை ரிச்சி தெருவில் ஜம்பரைப் பார்த்த மாத்திரத்தில் தவற்றைச் சொல்பவர்கள் இருந்தார்கள். வட்டுத் தயாரிப்பில் உலகின் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாயிருந்த நம் நாட்டு மோசர் பேயரைக் கலைக்க 2018-இல் உத்தரவானது. எழுதக்கூடிய ப்ளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை 2025 பிப்ரவரியோடு சோனி நிறுத்திக்கொண்டது. கருவி எளிதானபோது, அது பழுதானால் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனது. பக்கத் தகட்டைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிந்த பிழைகள், இன்று மூடிய பெட்டிக்குள்ளும் அனுமதிப் பட்டியல்களுக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டன.

ஆனால் அந்த மனிதர்கள் கடைப்பிடித்த முறை அழியவில்லை. அவர்கள் ‘ஏன் தெரியவில்லை’ என்று தொடங்கவில்லை. ‘எதுவரை தெரிகிறது’ என்று தொடங்கினார்கள். தட்டு திறக்கிறதா? திறந்தால் மின்சாரம் வருகிறது. பயோஸில் பெயர் தெரிகிறதா? தெரிந்தால் கேபிளும் ஜம்பரும் சரி. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இல்லாமல் நிற்கிறதா? நின்றால் வடிகட்டிகள் சரி. ஏற்கெனவே எழுதிய ஒரு வட்டைப் போட்டால் படிக்கிறதா? படித்தால் டிரைவும் இயங்குதளமும் சரி. மிச்சமிருப்பது மென்பொருளும் அதன் உரிமையும்தான். எந்தப் படியில் ‘ஆம்’ நின்று ‘இல்லை’ தொடங்குகிறதோ அங்கேதான் பிழை. யுஎஸ்பி டிரைவுக்குப் பயோஸ் படியில் மட்டும், வேறு துளையும் வேறு வயரும் மாற்றிப் பார்ப்பதை வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற படிகள் அப்படியே பொருந்தும்.

இன்று புதிய டிரைவ் வாங்குபவர்களில் பலர் எழுதுவதற்காக வாங்குவதில்லை, படிப்பதற்காக வாங்குகிறார்கள். 2004-இல் நடந்த திருமணம், மருத்துவமனை வட்டில் போட்டுக் கொடுத்த ஸ்கேன், மறைந்த ஒருவரின் குரல் ஆகியவை அலமாரியில் வட்டுகளாக இருக்கின்றன. எழுதிய வட்டில் தகவலைத் தாங்குவது ஒரு சாய அடுக்கு. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை மெல்ல அரிக்கின்றன. டிரைவ் தெரியவில்லை என்று பெட்டியில் திரும்பப் போட்டுவிடுவதற்கு இது காலம் அல்ல. படிகளை வரிசையாகக் கேளுங்கள், பிழையைக் கண்டுபிடியுங்கள், வட்டுகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். சரிசெய்யத் தெரிந்தவர்களும் சரிசெய்யத்தக்க டிரைவுகளும் கிடைக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.