உப்புக் கரிக்கும் வியர்வையும் ஓயாத இருமலும்

நியூயார்க்கில் ஒரு கோடை

1948-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரைக் கடும் வெயில் வாட்டியபோது, உஷ்ணம் தாங்காமல் துவண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலர், அதற்குப் பத்து வருஷங்களுக்கு முன் டாக்டர் டோரதி ஆண்டர்சன் விவரித்திருந்த 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்னும் வியாதி உடையவர்களாக இருந்தது மருத்துவர்களை யோசிக்க வைத்தது. அக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறிக் கலந்திருப்பதை 1953-இல் பால் டி சான்ட் அக்னீஸ் என்பவர் நிரூபித்தார். நுரையீரலைச் சிதைக்கும் ஒரு நோயின் சூக்ஷ்மம் தோலின் வியர்வையில் அகப்பட்டது வைத்திய சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

ஒரே குறை, இரு விளைவுகள்

உயிரணுவின் சவ்வில், உப்பின் ஒரு கூறாகிய குளோரைடு போய்வருவதற்கென்றே ஒரு புரதவாயில் உண்டு; அதன் குறையே இந்நோய்க்கு மூலம். ஏழாவது குரோமோசோமிலுள்ள, அவ்வாயிலை உண்டாக்கும் மரபணுவை 1989-இல் கண்டுபிடித்தார்கள். 1,480 அமினோ அமிலங்களால் ஆன அப்புரதத்தில் 508-ஆம் இடத்திலுள்ள ஒன்றே ஒன்று விடுபட்டாலும், அது செவ்வனே மடியாமல், சவ்வை எட்டுமுன்பே உயிரணுவுக்குள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடுகிறது. இதுவன்றி வேறு பிறழ்வுகளும் பல உண்டு.

வியர்வைக் குழாயில் குளோரைடை உடலுக்குள் மீட்பது இவ்வாயிலின் வேலை. அது நின்றால் உப்பு வெளியேறி வீணாகிறது. சுவாசக் குழாயிலோ குளோரைடை வெளியே விடுவதே அதன் வேலையாதலால், அது நின்றதும், உப்பைப் பின்தொடர்ந்து வரவேண்டிய நீரும் வராமல், குழாயின் உட்பரப்பு வறண்டு, சளி பசைபோல் இறுகி, அதைத் தள்ளி வெளியேற்றும் நுண்ணிய மயிரிழைகள் அசையமாட்டாமல் அமிழ்ந்துவிடுகின்றன. தேங்கிய சளியில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியும் பின்னர் சூடோமோனாஸ் கிருமியும் குடியேற, அவற்றை எதிர்க்க வந்த வெள்ளணுக்களே குழாய்ச் சுவரையும் அரிக்க, வருஷக்கணக்கில் அச்சுவர் விரிந்து தளர்ந்து, நுரையீரல் க்ஷீணிக்கிறது.

பரம்பரையும் புகையும்

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிறழ்ந்த மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். இருவரும் அதைச் சுமப்பவர்களாயின் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு சாத்தியம் உண்டு. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கத்தில் ஒரே பிறழ்வு இருபுறமும் அமைய இடம் அதிகம் என்பதை, சம்பந்தம் பேசுகிறவர்களுக்குக் கசந்தாலும், சொல்லாமல் விடுவதற்கில்லை. மரபணுவில் குறையில்லாதவரிடத்தும் சிகரெட்டுப் புகை இந்தப் புரதவாயிலை மந்தப்படுத்துகிறது.

பரிசோதனையும் சிகிச்சையும்

பைலோகார்பின் மருந்தை இலேசான மின்சாரத்தால் தோலில் செலுத்தி, சுரக்கும் வியர்வையைச் சோதிப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ குளோரைடு இருந்தால் பெரும்பாலும் இந்நோயே. சளியகற்றும் பயிற்சி, உப்புநீர் ஆவி, ஆன்டிபயாடிக், ஜீரணக் குறைக்கு ஜீரண நொதிகள் ஆகியவை பழைய துணைகள். புரதத்தையே சீர்செய்யும் மருந்துகள் 2012 முதல் வந்துள்ளன. பலன் பெரிது, விலையோ சாமானியர் எட்டக்கூடியதன்று.

ஆகவே பெற்றோர்களே, முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை, மாதக்கணக்கில் இருமி, எண்ணெய்ப் பசையாக மலம் கழித்து, உண்டும் எடை ஏறாதிருக்குமானால், ஆஸ்துமா என்றோ க்ஷயம் என்றோ முடிவுகட்டிவிடாமல், வியர்வைச் சோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.