சாத்திய கதவுக்குள் சேரும் புகை

பொழுது சாய்ந்தால் ஜன்னலைச் சாத்துவதும் கொசுவத்திச் சுருளைக் கொளுத்துவதும் நம் வீடுகளில் சேர்ந்தே நடக்கின்றன. ஆபத்தும் அங்கேதான். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களைச் சோதித்து 2003-ல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள்களை வெளிவிடுகிறது என்று கண்டது. யாருமே புகைபிடிக்காத வீட்டில், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை விடியும்வரை இழுப்பது அந்தப் புகையைத்தான்.

இன்னும் மோசமானவை, பெட்டிக்கடையில் கிடைக்கும் பதிவு பெறாத கொசுவிரட்டி ஊதுபத்திகள். கொசுவைக் கொல்லும் மருந்து எதுவானாலும் 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற்றே விற்க வேண்டும். பதிவு எண், மருந்தின் பெயர், தயாரிப்பாளர் முகவரி இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். ‘மூலிகை’ என்று அச்சடித்திருப்பது எதற்கும் சான்றல்ல. பதிவு பெற்றதாகவே இருந்தாலும் புகை புகைதான்.

விறகடுப்பின் கதை பழையது. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அடுப்படியில் நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளுமே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். ஏழைக் குடும்பப் பெண்கள் வைப்புத்தொகை இல்லாமல் கேஸ் இணைப்புப் பெற 2016 முதல் உஜ்வலா திட்டம் இருக்கிறது. ஆனால் அடுத்த சிலிண்டர் வாங்கக் காசில்லாமல் விறகுக்கே திரும்பும் வீடுகள் பல. இணைப்புக் கொடுத்ததோடு அரசின் கடமை முடிந்துவிடாது.

கண்ணுக்கே தெரியாதது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தாலோ, மூடிய அறையில் கரி கனன்றாலோ, வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓடினாலோ சேர்ந்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்குவதால் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்து அங்கேயே படுத்துவிடுகிறார்கள். உயிர் போவது அப்படித்தான். உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

மாசில்லாத காற்று அரசமைப்பின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது. ஆனால் நம் நாட்டின் காற்றுத் தர அளவுகள் வெளிக்காற்றுக்கு வகுக்கப்பட்டவை. வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்குக் கட்டாய அளவு எதுவும் இல்லை. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டியது. இருக்கிற சட்டங்களையாவது பயன்படுத்துவோம். அலுவலகம், உணவகம் உள்ளிட்ட பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் 200 ரூபாய்வரை அபராதம் உண்டு. பணியிடத்தில் ஒருவர் பற்றவைத்தால் தடுக்கச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்பது உங்கள் உரிமை. போலிக் கொசுவிரட்டி விற்றால் ரசீதோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கேஸ் கசிந்தால் 1906.

வீட்டில் செய்யக்கூடியது அதிகம் செலவில்லாதது: ஜன்னலுக்குக் கம்பிவலை, படுக்கைக்குக் கொசுவலை, சமைக்கும்போது திறந்த ஜன்னல். சாம்பிராணி போட்டால் கதவைத் திறந்து வையுங்கள்.

ஆனால் தெருச் சாக்கடை தேங்கிக் கிடக்கும்வரை மக்கள் சுருளைக் கொளுத்தத்தான் செய்வார்கள். கொசுவை ஒழிப்பது உள்ளாட்சியின் வேலை. கிராமசபையில் எழுந்து கேளுங்கள், நகராட்சியில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அசையவில்லையென்றால் 1100-ல் முதல்வரின் உதவி மையத்துக்குச் சொல்லுங்கள்.