பெயரோடு பெயர் சேர்க்கும் நிரல்

(இளம் அறிவியல் – கணிதம், இரண்டாம் ஆண்டு)

நமது கிழக்குக் கடலோரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீனினம் பெருகுவதற்காக அரசு விதித்துள்ள தடைக்காலம் அது. அந்நாட்களில் வருவாய் இழக்கும் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் வழங்குகிறது. 5,000 ரூபாயாக இருந்த அத்தொகையை 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு, 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வெளியாயிற்று. பணம் வங்கிக் கணக்கிற்கு நேரே வருகிறது. ஆனால் பெயரும் எண்ணும் பட்டியலில் பிழையின்றி இருந்தால்தான் வரும். இல்லையேல்?

இக்கேள்விக்கும் நாம் ஆய்வகத்தில் பயிலும் எக்செலுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. என் தந்தையார் விசைப்படகில் பங்குக்குச் செல்லும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, "தம்பி, போன வருஷ லிஸ்ட்டுல இருந்த ஆளுக எல்லாரும் இந்த வருஷமும் இருக்காகளான்னு பாத்துச் சொல்லுப்பா" என்று கரையில் உள்ள பெரியவர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது.

பழைய பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் புதிய பட்டியலில் இருந்தால் அந்தக் கட்டத்திற்கு மஞ்சள் நிறம் தீட்ட வேண்டும். நிறம் பெறாதவர் விடுபட்டவர். பணி இவ்வளவே. இதைச் செய்யும் சிறு நிரலையே மேக்ரோ என்கிறோம். அதை எளிமையாக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விரிதாள் வந்த வரலாறு

கட்டம் கட்டிய கணக்கேட்டைக் கணினித் திரைக்கு முதலில் கொண்டுவந்து புகழ்பெற்றது விசிகால்க். டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் இருவர் உருவாக்கிய அது 1979-இல் விற்பனைக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்செல் 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. விஷுவல் பேசிக் மொழியில் மேக்ரோ எழுதும் வசதி 1993-இல் எக்செலோடு இணைந்தது. மொழியே அறியாதவரும் மேக்ரோ செய்யலாம். நாம் சுட்டெலியால் செய்வதையெல்லாம் கணினியே பதிவு செய்து நிரலாக்கித் தந்துவிடும்.

நீளமான வழி

ஆனால் அவ்வாறு பதிவாகும் நிரல் நம் கையசைவுகளின் நாட்குறிப்பேயன்றி வேறல்ல. "இக்கட்டத்தைத் தேர்ந்தெடு, அத்தாளுக்குப் போ, திரும்பி வா" என்று வரிக்கு வரி நீளும். அதனைச் சுற்றி நாம் இரண்டு சுழல்களை அமைக்கிறோம். வெளிச்சுழல் பழைய பட்டியலில் ஓர் எண்ணை எடுக்கும். உட்சுழல் புதிய பட்டியல் முழுவதையும் அதனோடு ஒப்பிடும்.

இரு பட்டியலிலும் 2,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். 2,000-ஐ 2,000-ஆல் பெருக்கினால் 40 லட்சம் ஒப்பீடுகள்! பொருத்தம் கண்டவுடன் நிறுத்தினாலும் ஏறத்தாழப் பாதியாகவே குறையும். ஒவ்வோர் ஒப்பீட்டிற்கும் நிரல் தாளுக்குச் சென்று கட்டத்தைப் படித்து வருவதால் தாமதம் மேலும் கூடும்.

சுருக்கும் வழி

முதலாவதாக, "தேர்ந்தெடு", "போ" என்னும் வரிகளை நீக்கிவிடலாம். ஒரு கட்டத்திற்கு நிறம் தீட்ட அதைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. அதன் பெயரைச் சொல்லி நேரே நிறம் கொடுக்கலாம்.

இரண்டாவதாக, பத்தி முழுவதையும் ஒரே வரியில் நினைவகத்திற்கு எடுத்துக்கொள்ளலாம். கடையில் பத்துப் பொருள் வாங்கப் பத்து முறை நடப்பதற்குப் பதிலாகப் பையோடு ஒருமுறை போவது போன்றது இது.

மூன்றாவதே தலையாயது: உட்சுழலை எடுத்துவிட்டு, 'டிக்ஷனரி' எனப்படும் அகராதியைப் பயன்படுத்துவது. தேர்வு நாளில் நாம் என்ன செய்கிறோம்? நம் இருக்கையை அறை அறையாகவா தேடுகிறோம்? பதிவெண்ணைக் கொண்டு அறை எண்ணை அறிந்து நேரே செல்கிறோம். அகராதியும் அவ்வாறே. கொடுத்த எண்ணிலிருந்தே ஒரு கணக்குப் போட்டு, அது இருக்கவேண்டிய அறையைக் கண்டுபிடித்து அங்கு மட்டும் பார்க்கும். புதிய பட்டியலை அகராதியில் இட 2,000 படிகள். பழைய பட்டியலைக் கேட்டுப் பார்க்க 2,000 படிகள். ஆக மொத்தம் 4,000! நாற்பது லட்சம் எங்கே, நாலாயிரம் எங்கே?

நான்காவதாக, ஆதார் எண்ணுக்கு ஒரு நிரல், கணக்கு எண்ணுக்கு ஒரு நிரல் என்று அதே வரிகளைப் படியெடுத்து வைப்பது வீண். எந்தப் பத்தி, எதனோடு, என்ன நிறம் என்ற மூன்றையும் வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் ஒரே நிரலாக எழுதினால், திருத்தம் வரும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும். அந்நிரலின் முதல் வேலை பழைய நிறத்தை அழிப்பதாக இருக்கட்டும். இல்லாவிடில் நேற்றைய மஞ்சள் இன்றும் நின்று நம்மை ஏமாற்றும். மேக்ரோ செய்த மாற்றத்தை 'அண்டூ' கொண்டு மீட்க இயலாது. ஆதலால் கோப்பின் படியொன்றை முன்னரே எடுத்து வைத்தல் நலம்.

நிரலே இல்லாத வழியும் உண்டு. 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' என்னும் வசதியில் ஒரே ஒரு சூத்திரம் எழுதினால் நிறம் தானே வரும். தரவு மாறினால் தானே மாறும். ஆனால் அங்கே பலரும் எழுதும் 'கவுண்ட்இஃப்' சூத்திரம் எண்களில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே கருதும். 16 இலக்கமுள்ள இரு வங்கிக் கணக்குகள் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்டால், இரண்டையும் ஒன்றென்றே சொல்லிவிடும். பத்தியை எழுத்து வடிவாக அமைத்துக்கொண்டு 'மேட்ச்' சூத்திரத்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

தமிழ்ப் பெயரில் ஒரு சிக்கல்

பெயரைக் கொண்டு ஒப்பிடும்போது வேறு தொல்லைகள் எழுகின்றன. 'மு. பொன்னுச்சாமி' என்பதும் 'பொன்னுச்சாமி மு' என்பதும் நமக்கு ஒருவர், கணினிக்கு இருவர். பெயருக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் வேறு ஆள்தான்.

இன்னும் நுட்பமான ஒன்றுண்டு. 'பொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே போல் தோன்றும். அகராதியோ இரண்டையும் வேறென்று கருதி நிறம் தர மறுக்கும். பாவம் பொன்னுச்சாமி! ஒப்பிடுவதற்கு முன் இரட்டை வடிவை ஒற்றை வடிவாக்கி, இடைவெளிகளை நீக்கும் இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டால் இக்குறை நீங்கும். இவ்விரு வரிகளால் நிரல் நீளத்தான் செய்யும். எனினும் இவை வேண்டாத வரிகள் அல்ல.

வரி விடுபட்டால்

2020-இல் இங்கிலாந்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பு வகையைப் பயன்படுத்தியதால், கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரம் உரிய நாளில் கணக்கில் சேராமல் போயிற்று. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று. வளம் மிக்க நாட்டிலேயே ஒரு தாளின் வரம்பு இவ்வளவு செய்யுமானால், 8,000 ரூபாயை நம்பி அடுப்பெரியும் வீட்டில் ஒரு வரி விடுபடுவது சிறிய செய்தியாகுமா?

எனவே நண்பர்களே, எளிமை என்பது வரிகளைக் குறைத்து வித்தை காட்டுவதன்று. தேவையற்றதை நீக்கி, தேவையானதை நிறுத்தி, வேறொருவர் படித்துச் சரிபார்க்கும்படி எழுதுவதே எளிமை. நிறம் பெறாத கட்டத்தைக் கண்டவுடன் "ஆள் இல்லை" என்று தீர்ப்புக் கூறிவிடக் கூடாது. அவர் வீட்டுக் கதவைத் தட்டி, அட்டையை வாங்கி, எண்ணை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். நாலாயிரம் படிகளைக் கணினி செய்யட்டும். அந்தக் கடைசிப் படியை நாம் ஏறுவோம்.