சர்க்கரைவள்ளிக்கிழங்கு: அடுப்புக்குப் புதியவர்களுக்கு



வேலையின் நிமித்தம் பெங்களூருவுக்கு வந்து, ஒற்றை அறையில் ஒற்றை அடுப்போடு வாழும் வாலிபப் பிள்ளைகளையும், புதிதாய்க் குடித்தனம் தொடங்கிய தம்பதியரையும் மனதில் கொண்டே இதை எழுதுகிறேன். இரவுதோறும் கடையில் வாங்கி உண்பதால் சம்பளமும் கரைகிறது, வயிறும் கெடுகிறது. ஓர் இட்லிப் பானையும் அரைமணி நேரமும் இருந்தால், சமையலே அறியாதவரும் ஆயத்தப்படுத்தக்கூடிய ஆகாரம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. தென்மாவட்டத்தார் இதைச் சீனிக்கிழங்கு என்பர். இவ்வூர்ச் சந்தையில் 'கெணசு' என்று கேளுங்கள். சங்கராந்தியையொட்டி ஜனவரி மாதத்தில் கரும்பு, அவரைக்காய், நிலக்கடலையோடு குவிந்து கிடக்கும்.

இதை ஏழைகளின் பண்டமென்று அற்பமாய் எண்ணுவோர் நம்மில் உண்டு. ஆரஞ்சு நிறச் சதையுடைய கிழங்கை ஆப்பிரிக்க தேசங்களில் பரப்பியதற்காக மரியா அன்டிராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகிய மூவர் 2016-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசில் பங்கு பெற்றனர். அந்நிறத்தைத் தரும் பீட்டா கரோட்டின் நம் சரீரத்தில் வைட்டமின் ஏ ஆக மாறி, பிள்ளைகளின் கண்பார்வையைக் காக்கிறது. திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் 'பூ சோனா' என்னும் அத்தகைய ரகத்தை உருவாக்கியுள்ளது. நமக்கு அதிகமாய்க் கிடைக்கும் வெண்சதைக் கிழங்கில் அச்சத்து குறைவே. ஆயினும் பசியாற்றுவதில் குறைவில்லை.

வாங்கும்போது நடுத்தர அளவில், கையில் கனமாய், துளையற்றதாய்ப் பொறுக்குங்கள். வண்டு துளைத்த கிழங்கிலும் பூஞ்சணம் பிடித்த கிழங்கிலும் கசப்பான நச்சுப்பொருள் உண்டாகும். வேகவைத்தாலும் அது நீங்காது. கசந்தால் துப்பிவிட்டு முழுவதையும் எறிந்துவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கலாகாது! முளை விட்டது மட்டுமே குறையானால் முளையைக் கிள்ளிவிட்டுச் சமைக்கலாம். உருளைக்கிழங்கைப் போல அஞ்ச வேண்டியதில்லை. குளிர்பதனப் பெட்டியில் பச்சையாய் வைக்காதீர்கள், நடுப்பகுதி வேகாமல் கட்டியாய் நின்றுவிடும்.

இனிச் சமையல். மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலோடு முழுதாக வையுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் கிழங்கை நறுக்கி, பானை நிறையத் தண்ணீரில் அமிழ்த்தி, பெருந்தீயில் கொதிக்கவிடுகிறார்கள். இனிப்பில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடுகிறது, கிழங்கும் சொதசொதவென்றாகிறது. இட்லித் தட்டின்மேல் அடுக்கி, சிறு தீயில் தொடங்கி ஆவியில் வேகவையுங்கள். ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி வெப்பத்தில், கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அவசரமாய்ச் சூடேற்றினால் அந்நொதி வேலை முடியுமுன்னே அழிந்துபோகும். அரைமணி நேரம் கழித்துக் கத்தியால் குத்துங்கள். தடையின்றி இறங்கினால் வெந்தது. நம் நகரம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. ஊரில் அம்மா சொன்ன கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாய்ப் பொறுத்திருங்கள். குக்கரானால் இரண்டாய் வெட்டி, ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று விசில் போதும்.

தேங்காய்த்துருவலும் வெல்லமும் சேர்த்து உண்ணலாம். எனக்கோ உப்பும் மிளகுத்தூளுமே பிரியம். நீரிழிவு உள்ளவர்கள் சுட்ட கிழங்கைவிட வேகவைத்ததையே தெரிந்துகொள்வது நலம். அதையும் சோற்றுக்குப் பதிலாகவே உண்ணவேண்டும், சோற்றோடு கூட அல்ல.

மீந்த கிழங்கு வீணல்ல. தோலுரித்துத் துண்டுகளாக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டினால் மறுநாள் மதிய டப்பாவுக்குப் பொரியல் ஆயிற்று.