நாரா போகலாம், மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஒசாகாவில் தங்குகிறவர்கள் குடும்பத்தோடு காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடத் தோதான ஊர் நாரா. கின்டெட்சு ரயிலில் சுமார் 40 நிமிடம். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர்களும் வழிதவற வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு நிலையத்துக்கும் எண் உண்டு. ஒசாகா நம்பா ஏ01, கின்டெட்சு நாரா ஏ28. எண்ணிக்கொண்டே வரும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். பெரியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அதே தடத்தில் ஓடும் 'லிமிடெட் எக்ஸ்பிரஸ்' வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு, 'ராபிட் எக்ஸ்பிரஸ்' வண்டிக்கு இல்லை.

படம் போட்டுப் புரியவைப்பது ஜப்பானுக்குப் பழகிய கலை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு வரும் வெளிநாட்டவருக்காக, கட்சுமி மசாரு தலைமையில் வடிவமைப்பாளர்கள் கூடி விளையாட்டுகளுக்கும் பொது வசதிகளுக்கும் படக் குறியீடுகள் வரைந்தார்கள். நாரா பூங்காவிலும் அப்படித்தான். மான் கடிக்கும், உதைக்கும், முட்டும், கீழே தள்ளும் என்று நான்கு படங்களோடு எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. மான்களுக்குக் கொடுக்கும் பிஸ்கட் தீர்ந்ததும் வெறுங்கையை விரித்துக் காட்டினால் மான்களே பெரும்பாலும் விலகிப் போய்விடுமாம்!

சிக்கல் மதியம்தான் தொடங்கும்.

உணவகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் அசல்போலவே இருக்கும் மாதிரி உணவுகளைக் கடைக்காரருக்குச் சுட்டிக்காட்டி வாங்கலாம். 1932-ல் இவாசாகி தகிசோ ஒசாகாவில் மெழுகால் செய்து தொழிலாக வளர்த்த சங்கதி இது. அசைவக்காரர்களுக்கு இதுவே போதும். சைவக் குடும்பத்துக்குப் போதாது. காய்கறி மட்டும் மிதக்கிற சூப்பும் பெரும்பாலும் 'தாஷி' என்ற சாற்றில்தான் கொதிக்கிறது. உலர்த்திய மீனைச் சீவிப் போட்டு இறக்குவதுதான் வழக்கமான தாஷி. "இது சைவமா?" என்று கேட்டால், கறி இல்லை என்ற பொருளில் பரிமாறுபவர் "ஆமாம்" என்று சொல்லிவிடக்கூடும். அதில் பொய் ஒன்றுமில்லை, கேள்விதான் மொட்டையாக இருக்கிறது.

ஆகவே ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, "இறைச்சி, மீன், மீன் தாஷி, முட்டை சாப்பிட மாட்டோம்" என்று ஜப்பானிய மொழியில் ஒரு அட்டை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழியைத் தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாத இடத்திலும் கைகொடுக்கும். ஆனால் சின்னச் சின்ன வாக்கியமாகக் கொடுக்க வேண்டும், நம் வழக்கப்படி "வெங்காயம் இருந்தா பரவாயில்ல, ஆனா..." என்று இழுத்தால் அது திணறிவிடும்.

அட்டையைக் காட்டியதும் கடைக்காரர் தலையசைத்து மறுத்தால் கோபப்பட ஒன்றுமில்லை. காலையிலேயே கொதிக்கவைத்த சாற்றிலிருந்து மீனை எப்படிப் பிரிப்பார்? வேறு வழிகளும் உண்டு. புத்த மடங்களின் 'ஷோஜின் ரியோரி' விருந்தில் கடற்பாசியும் காளானும் போட்டுச் சாறு எடுப்பார்கள். அதற்கு முன்பதிவு தேவைப்படலாம். நேபாளிகள் நடத்தும் இந்திய உணவகங்கள் ஜப்பானில் ஏராளம். அங்கே இந்தியும் எடுபடும்.

விடுதியின் பெயரும் முகவரியும் ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டை ஒன்று ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கட்டும். கூட்டத்தில் பிரிந்துபோனால், 'கோபன்' எனப்படும் சிறு காவல் சாவடியில் அதை நீட்டினால் போதும்.