உங்களுக்குத் தெரியுமா? ஊர்க்கதைகள் பல நூறு, குரல்கள் இரண்டே!

● ஜப்பானின் நாட்டுப்புறக் கதைகளைச் சின்னத்திரைக்குக் கொண்டுவந்த கார்ட்டூன் தொடர் ‘மங்கா நிப்போன் முகாஷிபனாஷி’. 1975-ல் தொடங்கி 1994 வரை ஓடிய இத்தொடர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைகளைச் சொன்னது.

● கிழவன், கிழவி, அரக்கன், நரி, குரங்கு என எந்தப் பாத்திரம் வந்தாலும் குரல் கொடுத்தவர்கள் இருவர்தான்: நடிகை எட்சுகோ இச்சிஹாரா, நடிகர் ஃபுஜியோ டோகிடா. கதை சொல்லும் பின்னணிக் குரலும் அவர்களுடையதே!

● அரை மணி நேரத்தில் பெரும்பாலும் இரண்டு கதைகள். கதைக்குக் கதை இயக்குநரும் ஓவியரும் மாறியதால், படங்களின் சாயலும் வண்ணமும் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது.

● தொடக்கப் பாடல் தாலாட்டுச் சாயல் கொண்டது. திரையில் டிராகன் முதுகேறி ஒரு சிறுவன் வானில் பறந்து வருவான்.

● பீச் பழத்துக்குள்ளிருந்து பிறந்து, அரக்கர்களை அடக்கிய மோமோதாரோ இத்தொடரிலும் உண்டு. விற்காத ஓலைத் தொப்பிகளை, பனியில் நனையும் ஜிசோ என்னும் பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலைகளுக்கு அணிவித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் ஏழைக் கிழவரும் உண்டு. அன்றிரவே அந்தச் சிலைகள் அரிசியும் பண்டமும் சுமந்து அவர் வாசலுக்கு வந்துவிடும்!